முகத்தைப் பார்க்காமல் ஒரு கதையைக் கேட்க முடியுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நாவலைப் பற்றியவை: மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பல வருடங்கள் வகுப்பில் நடத்தியும் எனக்கு அலுக்காத நாவல் அது. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம் இதோ. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற இளைஞன் பிணங்களின் பாகங்களைச் சேர்த்து ஓர் உயிரை உருவாக்குகிறான். உயிர் வந்ததும் அதைக் கைவிட்டு ஓடுகிறான். எல்லோராலும் விரட்டப்பட்ட அந்தப் படைப்பு, அவனுக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறது. இந்தக் கதை முழுவதையும் வட துருவம் நோக்கிப் போகும் கப்பலில் விக்டரைச் சந்திக்கும் வால்டன், தன் அக்கா மார்கரெட்டுக்குக் கடிதங்களில் எழுதி அனுப்புகிறான்.

கேள்வி: வணக்கம் மேடம். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் கருப்பொருள்கள் பற்றி முதுகலைக்கு ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். தனிமை, அறிவின் மீதான பேராசை, இயற்கை, பொறுப்பு, பழிவாங்கல் என்று ஐந்து தலைப்புகளில் தலா இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். “எல்லாம் சரி, இதில் உன் வாதம் என்ன?” என்று கேட்டு வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார். என்ன செய்வது?

நீங்கள் எழுதிய ஐந்தும் நாவலில் இருப்பவைதான். ஆனால் ‘இந்த நாவலில் தனிமை ஒரு முக்கியக் கருப்பொருள்’ என்று எழுதினால் அதை யார் மறுக்கப்போகிறார்கள்? வால்டன் கப்பலில் ஒரு நண்பனுக்காக ஏங்குகிறான். விக்டர் ஆய்வறையில் அடைந்து கிடக்கிறான். அவன் படைத்த உயிருக்கு உலகத்தில் ஒருவருமே இல்லை. ஒரு முறை படித்தவருக்கே இதெல்லாம் தெரியும். யாரும் மறுக்காத ஒன்றை நிரூபிக்கப் பத்துப் பக்கம் தேவையில்லை. நாவலை நன்றாகப் படித்தவர்கூட “அப்படியா? எங்கே, காட்டுங்கள் பார்க்கலாம்” என்று கேட்கும்படியான ஒரு வாக்கியத்தைத்தான் உங்கள் வழிகாட்டி எதிர்பார்க்கிறார்.

தலைப்புகளை வைத்துக்கொண்டு யோசித்தால் அந்த வாக்கியம் வராது. படிக்கும்போது உறுத்தும் ஏதாவது ஒரு காட்சியிலிருந்துதான் வரும். படைப்புக்கு உயிர் வரும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். நவம்பர் மாத இரவு, மணி ஒன்று. மழை ஜன்னல் கண்ணாடியில் அடிக்கிறது. மெழுகுவர்த்தி தீர்ந்துபோகும் நிலை. அந்த அரைகுறை வெளிச்சத்தில் படைப்பின் மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது. விக்டர் அறையை விட்டு ஓடிப் படுக்கையில் விழுகிறான். ஒரு கொடுங்கனவு கண்டு விழித்தால், நிலா வெளிச்சத்தில் அந்த உருவம் படுக்கைத் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்க்கிறது. ஏதோ புரியாத ஒலி எழுப்புகிறது. கன்னம் சுருங்கச் சிரிக்கிறது. ஒரு கையை நீட்டுகிறது. அவன் மறுபடியும் ஓடுகிறான்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்: அது அதுவரை என்ன தவறு செய்தது? ஒன்றுமே இல்லை. பிறகு ஏன் ஓடினான்? அசிங்கமாக இருந்ததால் என்று உடனே பதில் வரும். ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த உடலின் மேல் குனிந்து வேலை செய்தவன் அவன். முடிப்பதற்கு முன்பும் அது அழகாக இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவனே சொல்கிறான். தசையும் மூட்டும் அசையத் தொடங்கிய பிறகுதான் தாங்க முடியாமல் போனதாம். அதாவது, கிடக்கிற உடலை அவனால் பார்க்க முடிந்தது. அந்த உடல் திருப்பிப் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இப்படி ஒரு கேள்வி கிடைத்ததும், அதைக் கையில் வைத்துக்கொண்டு நாவலை முதலிலிருந்து இன்னொரு முறை படியுங்கள். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் யார் பேசுவதைக் கேட்கிறார்கள், இது மட்டும் போதும், மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். என்ன கிடைக்கிறது பாருங்கள். ஆற்றில் மூழ்கப் போன சிறுமியை அந்தப் படைப்பு காப்பாற்றுகிறது. கூட வந்தவன் ஒரு வார்த்தை கேட்காமல் துப்பாக்கியால் சுடுகிறான். விக்டரின் தம்பி, குட்டிப் பையன் வில்லியம் அதைக் கண்டதுமே கைகளால் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். நாவலில் ஒரே ஒருவர்தான் அதனிடம் அன்பாகப் பேசுகிறார், குடிசையில் இருக்கும் டி லேசி என்ற முதியவர். அவருக்குப் பார்வை கிடையாது. உன் முகத்தை என்னால் மதிப்பிட முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறார். அந்த நிமிடம் கதவு திறக்கிறது, மகனும் மகளும் உள்ளே வருகிறார்கள், பார்க்கிறார்கள். மகன் ஃபெலிக்ஸ் அதைக் கம்பால் அடிக்கிறான்.

அப்புறம், பனிமலையில் விக்டரும் அவன் படைப்பும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம். என் கண் முன்னால் நிற்காதே என்று விக்டர் கத்துகிறான். அது என்ன செய்கிறது தெரியுமா? தன் கைகளால் அவன் கண்களை மூடுகிறது. நீ வெறுக்கும் காட்சியை இப்படி எடுத்துவிடுகிறேன், ஆனாலும் நீ என் பேச்சைக் கேட்கலாம் என்கிறது. இந்த இடம் வரும்போதெல்லாம் வகுப்பில் நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடுவேன். நாவல் முழுவதும் அந்த ஒரு செய்கைக்குள் இருக்கிறது என்பது என் கருத்து.

கடைசியில் கப்பலுக்கு வாருங்கள். சாகப்போகும் விக்டர், அது நன்றாகப் பேசும், நம்பாதே, காது கொடுக்காதே என்று வால்டனை எச்சரிக்கிறான். விக்டர் இறந்த பிறகு அதை நேரில் பார்க்கும் வால்டன், தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். கண்ணை மூடிய பிறகுதான் ‘நில்’ என்று அவனால் சொல்ல முடிகிறது, அது சொல்வதைக் கேட்க முடிகிறது. அவன் கடிதங்களைப் படிக்கும் மார்கரெட்டுக்கும் அந்த முகம் தெரியாது. நமக்கும் தெரியாது. நம் எல்லோருக்கும் கிடைப்பது சொற்கள் மட்டும்தான்.

இப்போது உங்கள் வாதம் இப்படி அமையலாம்: ‘ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் பார்வைதான் தீர்ப்புச் சொல்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கும் சில நிமிடங்கள் மட்டுமே அந்தத் தீர்ப்பு தள்ளிப்போகிறது. கடிதத்துக்குள் கதை, கதைக்குள் கதை என்ற வடிவம், முகத்தைப் பார்க்க முடியாத இடத்தில் வாசகரை உட்காரவைத்து, டி லேசியின் நிலையை அவருக்குத் தருகிறது.’ இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிவதால்தான் இது வாதம். உங்கள் தனிமையும் பொறுப்பும் இதற்குள்ளேயே வந்துவிடும், தனித் தலைப்பு போட வேண்டாம். இயற்கையையும் பழிவாங்கலையும் இந்தக் கட்டுரையில் விட்டுவிடுங்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கும் காட்சியையும் தேடிப் பிடியுங்கள். வில்லியமை அந்தப் படைப்பு கொன்றுவிடுகிறது. அந்தக் கொலையில் பழி சுமத்தப்படும் பணிப்பெண் ஜஸ்டின் மோரிட்ஸ் நீதிமன்றத்தில் பேசுகிறாள், விக்டர் மணக்கப்போகும் எலிசபெத்தும் அவளுக்காகப் பேசுகிறாள். எல்லோர் காதும் திறந்துதான் இருக்கிறது. இருந்தும் அவள் தூக்கிலிடப்படுகிறாள். காரணம், அவள் சட்டைப் பையில் கிடைத்த, வில்லியம் அணிந்திருந்த சின்ன உருவப்படம், கண்ணுக்குத் தெரிகிற சாட்சி. அதைவிடக் கொடுமை, பாதிரியாரின் மிரட்டலுக்குப் பயந்து செய்யாத கொலையைச் செய்ததாக அவளே ஒப்புக்கொள்கிறாள். அப்படியென்றால் காதால் கேட்பதும் பொய்யாகலாம். பார்ப்பது கெட்டது, கேட்பது நல்லது என்று எளிதாகப் பிரித்துவிட முடியாது. உங்கள் வாதத்தை இந்த இடத்தில் திருத்திக் கூர்மையாக்குங்கள். ஜஸ்டினை யாரும் கட்டுரையில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். எத்தனையோ கட்டுரைகள் திருத்தியிருக்கிறேன், பெரும்பாலானவற்றில் அவள் பெயர்கூட வராது.

பார்வைக்கும் மொழிக்கும் உள்ள இந்த முரணைப் பற்றி பீட்டர் புரூக்ஸ் என்ற விமர்சகர் முன்பே எழுதியிருக்கிறார், 1993-இல் வந்த ‘பாடி வொர்க்’ நூலில் இருக்கிறது. அதைக் கண்டதும் சோர்ந்துவிடாதீர்கள். அவரைப் படித்து, அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பார்த்து, அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நேரம் குறைவாக இருக்கிறது. 1931-இல் வந்த பழைய படத்தைப் பார்த்துவிட்டுக் கட்டுரை எழுதலாமா?

வேண்டாம். அந்தப் படத்தில் படைப்பு பேசுவதே இல்லை, உறுமல்தான். அதற்கு ஒரு குற்றவாளியின் மூளை பொருத்தப்பட்டதாகவும் கதையை மாற்றியிருக்கிறார்கள், அதனால் கெட்டதாகவே பிறந்துவிடுகிறது. நாவலில் அது ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தைப் படித்து, தன்னை ஆதாமோடும் சாத்தானோடும் ஒப்பிட்டுப் பேசுகிறது. பல அத்தியாயங்களுக்குத் தானே கதை சொல்கிறது. அந்தக் குரலைக் கேட்காமல் இந்த நாவலைப் பற்றி எழுத எதுவுமே இல்லை. நடுவில் வரும் அந்த அத்தியாயங்களையாவது இன்று இரவே படித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1831 பதிப்பு. நண்பர் 1818 பதிப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்கிறார். இரண்டும் ஒரே கதைதானே, என்ன வித்தியாசம்?

கதை ஒன்றுதான், பிரதி வேறு. 1818 ஜனவரியில் லண்டனில் மூன்று தொகுதிகளாக, ஆசிரியர் பெயர் இல்லாமல், 500 படிகள் வெளிவந்தன. 1831-இல் மேரி ஷெல்லி பல இடங்களைத் திருத்தி, புதிய முன்னுரையும் எழுதி, ஒரே தொகுதியாக வெளியிட்டார். முதல் பதிப்பில் எலிசபெத் விக்டரின் அத்தை மகள். 1831-இல் அவள் இத்தாலியில் ஓர் ஏழைக் குடும்பத்திடமிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட அநாதைக் குழந்தை. பிந்தைய பதிப்பில் விதி என்ற பேச்சும் அதிகம். விக்டர் தன் முடிவுகளை எல்லாம் விதியின் தலையில் போடுகிறான். அதனால் ‘பொறுப்பு’ பற்றி எழுதுபவர் எந்தப் பதிப்பைப் படித்தார் என்பதைப் பொறுத்து முடிவே மாறிப்போகும்.

ஒரே ஒரு இடத்தை இரண்டு பதிப்பிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஜஸ்டின் மேல் பழி விழக் காரணமான அந்த உருவப்படத்தை அவளிடம் வைத்தது அந்தப் படைப்புதான். 1818-இல் அவள் வழியே நடந்து போகிறாள். அது பின்னால் போய்ச் சத்தமில்லாமல் ஆடை மடிப்பில் படத்தைச் செருகிவிடுகிறது, சில வரிகளில் முடிந்தது. 1831-இல் அவள் ஒரு கொட்டகையில் வைக்கோல் மேல் தூங்குகிறாள். அது குனிந்து காதலனைப் போல அவளை எழுப்பப் பார்க்கிறது. உடனே ஒரு பயம் வருகிறது: இவள் கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டால் சபிப்பாள், கொலைகாரன் என்று காட்டிக்கொடுப்பாள். அந்தப் பயத்தில்தான் பழியை அவள் மேல் போடுகிறது. முதல் கேள்வி கேட்டவருக்கு இந்தச் சேர்க்கை எவ்வளவு பயன்படும் பாருங்கள்! இன்னும் திறக்காத கண்ணுக்கே அது தண்டனை கொடுத்துவிடுகிறது.

எந்தப் பதிப்பானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒன்றையே கடைசி வரை பிடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியிலேயே எது என்று சொல்லிவிடுங்கள். அத்தியாய எண்களிலும் கவனம் வேண்டும். 1818-இல் ஒவ்வொரு தொகுதியிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும், 1831-இல் ஒன்று முதல் 24 வரை தொடர்ச்சியாகப் போகும். உயிர் வரும் அந்த நவம்பர் இரவு 1818-இல் முதல் தொகுதியின் நான்காம் அத்தியாயம், 1831-இல் ஐந்தாம் அத்தியாயம்.

கேள்வி: பேய் இல்லை, பாழடைந்த கோட்டை இல்லை. இதை எப்படி கோத்திக் நாவல் என்கிறார்கள்?

பயமும் மர்மமும் நிறைந்த கோத்திக் கதை ஹோரஸ் வால்போலின் ‘தி காசில் ஆஃப் ஓட்ரான்டோ’வோடு 1764-இல் தொடங்குகிறது என்பார்கள். அதில் கோட்டை உண்டு, சுரங்கவழி உண்டு, வானத்திலிருந்து விழுவதுபோல ஒரு ராட்சதத் தலைக்கவசமும் உண்டு. முப்பது வருடம் கழித்து, 1794-இல், ஆன் ராட்கிளிஃப் ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் உடோல்ஃபோ’வில் பயத்தைக் கதாநாயகியின் மனதுக்குள் கொண்டுபோனார். மேரி ஷெல்லி அந்தக் கோட்டையைக் கழற்றி, அதன் அறைகளை மட்டும் வைத்துக்கொண்டார். விக்டர் வேலை செய்யும் இடத்தைப் பாருங்கள். வீட்டின் உச்சியில், படிக்கட்டாலும் நடைவழியாலும் மற்ற அறைகளிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு தனி அறை. சிறை அறை என்றே அவன் அதைச் சொல்கிறான். பிணக் கிடங்குகளிலும் கல்லறைகளிலும் இரவெல்லாம் கழிக்கிறான். கோட்டைக்குள் பெண்ணை அடைத்துவைக்கும் பிரபு பழைய கதைகளில் வருவான். இங்கே தன்னையே அடைத்துக்கொண்ட மாணவன் வருகிறான். கோத்திக் என்பதை நிரூபிக்க அடையாளங்களைப் பட்டியல் போடாமல், இந்த இடமாற்றம் எதற்காக நடந்தது என்று கேட்டால் அதுவே ஒரு கட்டுரையாகும்.

கேள்வி: மேரி ஷெல்லியின் வாழ்க்கையைக் கட்டுரையில் எவ்வளவு சேர்க்கலாம்? அவர் தாய் பிரசவத்தில் இறந்ததுதான் நாவலுக்குக் காரணம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன்.

அந்தத் துயரம் உண்மை. மேரி 1797 ஆகஸ்ட் 30-இல் பிறந்தார். அவர் தாய், பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், செப்டம்பர் 10-ஆம் தேதி இறந்துவிட்டார். 1815-இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை சில நாட்களிலேயே போய்விட்டது. குழந்தை மறுபடி உயிர் பெற்றதாகக் கனவு கண்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கு வில்லியம் என்று பெயர். அதே பெயர்தான் நாவலில் முதலில் கொல்லப்படும் குழந்தைக்கும். எலன் மோர்ஸ் என்ற விமர்சகர் 1970களில் இந்த நாவலைப் பிரசவத்தின் பயங்கரம் பற்றிய கதையாக வாசித்தார். அந்த வாசிப்பு மிகவும் முக்கியமானது, படிக்காமல் விடாதீர்கள்.

ஆனால் ‘இப்படி நடந்தது, அதனால் இப்படி எழுதினார்’ என்று எழுதினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும். குழந்தையை இழந்த எத்தனையோ பெண்கள் இந்த நாவலை எழுதவில்லையே. வாழ்க்கைச் செய்தியை ஒரு கேள்வியாக மாற்றுங்கள். தாய் இல்லாத ஒரு பிறப்பை ஓர் ஆண் நடத்துகிறான், அந்த உயிர் வந்த இரவிலேயே, முன்பே இறந்துபோன தன் தாயின் பிணத்தைக் கனவில் கட்டிப்பிடிக்கிறான். பிரதியில் இருக்கும் இந்தக் கனவை விளக்க வாழ்க்கை உதவினால் சேருங்கள். உதவாத இடத்தில் ஒரு வரிகூட வேண்டாம். நாவல் பிறந்த 1816 கோடை, ஜெனீவா ஏரி, கவிஞர் பைரன் சொன்ன பேய்க்கதைப் போட்டி, தம்போரா எரிமலையால் கெட்டுப்போன வானிலை, இதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதிவிட்டுப் பிறகு நாவலுக்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

கேள்வி: எத்தனை விமர்சகர்களை மேற்கோள் காட்ட வேண்டும்?

எண்ணிக்கை முக்கியமில்லை. ஒருவரோடு ஒருவர் முரண்படும் இருவர் போதும். உதாரணமாக, 1979-இல் கில்பர்ட்டும் குபாரும் ‘தி மேட்வுமன் இன் தி அட்டிக்’ நூலில், மில்டனுக்குப் பெண்ணின் பதிலாக இந்த நாவலை வாசித்தார்கள். 1985-இல் காயத்ரி ஸ்பிவாக், பெண்ணியம் இத்தகைய நாவல்களைக் கொண்டாடும்போது பிரிட்டிஷ் பேரரசை மறந்துவிடுகிறது என்று கேள்வி எழுப்பினார். அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும்: கடிதங்களைப் பெறும் மார்கரெட் பதிலே பேசுவதில்லை, கதையைச் சுற்றியுள்ள கடிதச் சட்டகமும் அதனால் மூடப்படாமலே நிற்கிறது. இப்படி இருவரை எதிரெதிரே வைத்து, நடுவில் உங்கள் வாதத்தை நிறுத்துங்கள். ஒரு மேற்கோளை எடுத்துப் போட்டால், அடுத்த வரியிலேயே அதோடு நீங்கள் எங்கே ஒத்துப்போகிறீர்கள், எங்கே விலகுகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

கேள்வி: நாவலை உண்மையில் எழுதியது கணவர் பெர்சி ஷெல்லி என்று சிலர் சொல்கிறார்களே?

முதல் பதிப்பின் முன்னுரை அவர் எழுதியது, கையெழுத்துப் பிரதியில் அவர் திருத்தங்களும் உண்டு. ஆனால் நாவல் மேரியுடையது. அந்த நோட்டுப் புத்தகங்களை வரிவரியாக ஆராய்ந்த சார்லஸ் ராபின்சன், சுமார் 72,000 சொற்கள் கொண்ட நாவலில் பெர்சியின் பங்கு 4,000 முதல் 5,000 சொற்கள் வரை இருக்கும் என்று கணக்கிட்டார். அந்தப் பக்கங்கள் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. ஷெல்லி-காட்வின் ஆவணக் காப்பகம் அவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, யார் கை எது என்று பிரித்தும் காட்டுகிறது. உங்கள் வாதம் ஒரு குறிப்பிட்ட வரியின் சொற்களை நம்பி நின்றால், எழுதுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து, அந்த வரி யாருடைய கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.